இரண்டு கரைகளில் ஒரு குடித்தனம்

நாடு விட்டு நாடு போய்வரும் தம்பதியரின் பயணமும் அன்றாட வாழ்க்கையும் இன்றைய சொற்பொழிவின் பொருள். தனியாளாகக் கடல் கடந்தவர்களைப் பற்றிப் பேச நூல்கள் பல உண்டு. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து போய், அங்கே ஓர் அடுப்பை மூட்டி, இங்கே ஒரு வீட்டைப் பூட்டி வைத்து, இரண்டையும் ஒருசேரக் காப்பவர்களைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்? மிகக் குறைவு. அவர்கள் செய்வது சுற்றுலா அன்று, அது உழைப்பு என்பதே இந்த உரை நிறுவ முயலும் செய்தி.

இந்த மேல்பட்டாம்பாக்கத்துக்கு இந்தப் பொருள் புதிதில்லை. ஜெர்மானியரான கார்ல் ஓக்ஸ், திருச்சபைக்குள் சாதிக்கு இடம் கொடுப்பதை ஏற்காமல் லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்து, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் ‘பெத்தானியா’ என்ற நிலையத்தை நிறுவினார். பிறகு டென்மார்க் மிஷன் அதை ஏற்றுக்கொண்டது. அந்த நாள்முதல் வட ஐரோப்பாவுக்கும் இந்த வட்டாரத்துக்கும் இடையே போக்குவரத்து உண்டு. இதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னால், 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, 1714-ல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுப் போய், மரியா டொரோதியாவை மணந்து, 1716-ல் மனைவியோடு மீண்டும் வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்க முனையைச் சுற்றிவர மாதக்கணக்கில் ஆகும் பாய்மரக் கப்பல் பயணம் அது. 1719-ல், 36 வயதில், சீகன்பால்கு இறந்தார். மணமாகி நான்கு ஆண்டுகூட நிறையாத நிலையில் அந்தப் பெண் அந்நிய மண்ணில் கைம்பெண்ணானார். சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தையும் அகராதியையும் பேசும் வரலாறு மரியா டொரோதியா எப்படிச் சமைத்தார், யாரிடம் பேசினார், யாரிடம் அழுதார் என்று பேசுவதில்லை.

நம்மவர் பயணத்துக்கு வருவோம். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறையில் பெரும்பாலும் ஆண் போனான், மனைவி ஊரில் இருந்தாள். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜூலா’ கப்பலை அறியாத குடும்பம் சோழமண்டலக் கரையில் குறைவு. அதன் பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1985-ல் அதில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. 1938-ல் மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் போவதை அன்றைய இந்திய அரசு தடை செய்தபோது, கணவன் அந்தக் கரையிலும் மனைவி இந்தக் கரையிலுமாகப் பிரிந்துபோன குடும்பங்கள் பல. தம்பதி என்ற சொல்லே கடிதத்திலும் மணியார்டரிலும் உயிர் வாழ்ந்த காலம் அது.

பக்கத்திலுள்ள புதுச்சேரியின் கதை வேறு. 1962 ஆகஸ்டு 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, எந்த நாட்டுக் குடியுரிமை என்று தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’க்களின் குடும்பங்கள் பல பிரான்சைத் தேர்ந்தன. சைகோனிலும் பாரிஸிலும் புதுச்சேரியிலுமாக மாறி மாறி வாழ்ந்த தம்பதியர் புதுச்சேரித் தெருக்களில் இன்றும் உண்டு.

நெய்வேலியில் ஓட்டம் திசை மாறியது. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. மேற்கு ஜெர்மனியிலிருந்து சுரங்கம் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்தன. சோவியத் நாட்டு ஒத்துழைப்போடு முதல் அனல் மின் நிலையம் எழுந்து, 1962-ல் அதன் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அயல்நாட்டு வல்லுநர்கள் இந்தச் செம்மண் காட்டில் வந்து தங்கினார்கள். வெளிநாடு நம் வாசலுக்கு வந்தது. அடுத்த தலைமுறை அந்த வாசல் வழியே வெளியே போனது.

எப்படிப் போனது? நெய்வேலி நகரியத்துப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குப் போனார்கள். 1990-களில் மென்பொருள் வேலை வந்தது. டெக்சாஸ், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, சிங்கப்பூர், டொராண்டோ, சிட்னி, லண்டன் என்று பரவினார்கள். பெற்றோர் பணியில் இருந்தவரை அவர்களுக்கு நகர முடியவில்லை. ஓய்வு பெற்றதும் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நிறுவனக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று தொலைபேசி வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஒரே பிளாக்கில் வாழ்ந்தவர்கள் வடலூரிலோ கடலூரிலோ பண்ருட்டிச் சாலையிலோ இந்த மேல்பட்டாம்பாக்கத்திலோ சொந்த வீட்டுக்குக் குடிபோகிறார்கள். புது வீட்டின் சுண்ணாம்பு வாசனை போவதற்குள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நிற்கிறார்கள்.

பேறுகாலம்தான் முதல் பயணத்தின் காரணம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் பொதுவான ஊதியத்தோடு கூடிய பேறுகால விடுப்பு கிடையாது. 1993-ம் ஆண்டுச் சட்டம் தருவது, தகுதியுள்ள ஊழியர்களுக்கு 12 வாரம் சம்பளமில்லாத விடுப்பு மட்டுமே. குழந்தைக் காப்பகத்தின் கட்டணமோ வீட்டு வாடகைக்கு நிகராகப் போகும். அப்படியானால் பச்சைக் குழந்தையை யார் பார்ப்பது? தாய்க்கு யார் பத்தியம் சமைப்பது? பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் யார் கையால்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடையாகத்தான் பண்ருட்டி வட்டாரத்து ஒரு தாயும் தந்தையும் இருபத்து மூன்று கிலோ பெட்டிகளோடு சென்னை விமான நிலையத்தில் நிற்கிறார்கள். இந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லை. எந்தக் கணக்கேட்டிலும் இது ஏறுவதில்லை. இரு நாட்டுப் பொருளாதாரமும் இதன்மேல் அமர்ந்திருக்கிறது.

அடுத்தது அனுமதி. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கதவைத் திறக்கிறது. அமெரிக்கா பெரும்பாலும் பத்தாண்டு செல்லுபடியாகும் பார்வையாளர் விசாவைத் தருகிறது. ஆனால் ஒரு முறை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்பவர் அங்கே விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. வழக்கமாக ஆறு மாதம். விசாவின் பத்தாண்டை நம்பி, கொடுத்த தேதியைத் தாண்டித் தங்கினால் அடுத்த முறை கதவு திறக்காது. கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கென்றே ‘சூப்பர் விசா’ கொண்டுவந்தது. 2022 ஜூலை முதல் அதில் தொடர்ந்து ஐந்தாண்டு தங்கலாம், ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் மூன்று அல்லது ஐந்தாண்டுத் தற்காலிகப் பெற்றோர் விசா உண்டு. சிங்கப்பூரில் நீண்ட நாள் தங்க வேண்டுமானால், வேலை அனுமதியில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் 12,000 வெள்ளியாவது நிலையான சம்பளம் இருக்க வேண்டும். பிரிட்டன் 2012-ல் வயதான பெற்றோரை நிலையாக அழைத்துக்கொள்ளும் வழியை மிகவும் குறுக்கிவிட்டது. ஒரு வீட்டில் மகன் டெக்சாஸிலும் மகள் சிங்கப்பூரிலும் இருந்தால், அந்தப் பெற்றோர் இரண்டு நாட்டுச் சட்டங்களையும் கற்றுக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் பாதியில் விட்ட தாய்மார்கூட விண்ணப்ப எண், நேர்காணல் தேதி, தங்கும் நாள் என்று கணக்காகச் சொல்வதைக் கேட்கலாம்.

பெட்டி கட்டுவது தனி ஞானம். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் கசகசா கொண்டுபோவது குற்றம், அங்கே அதைப் போதைப்பொருள் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா தடுக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தொற்றி வரும் என்பதே காரணம். பண்ருட்டிப் பலா போக வழியில்லை, வறுத்த முந்திரி போகும். வடாம், அப்பளம், சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, அரைத்த பருப்புப் பொடி எல்லாம் போகும். பொடி அரைக்கும் அந்த ஒரு வாரம், மகனோ மகளோ இருக்கும் தொலைதூர ஊர் இங்கேயே வந்துவிட்டது போல வீடு பரபரக்கும். மாத்திரைகள் மட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு.

விமானப் பயணத்தில் ஒரு செய்தி கவனத்துக்குரியது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம். அமெரிக்காவுக்கு தோஹா, துபாய், பிராங்பர்ட், லண்டன் என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும், வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு முழு நாளுக்கு மேல். நன்றாக நடக்கக்கூடிய எத்தனையோ பெற்றோர் சக்கர நாற்காலி கேட்டு வாங்குகிறார்கள். ஏன்? கால் வலிக்காக அல்ல. மொழி தெரியாத விமான நிலையத்தில் கை பிடித்து அடுத்த வாசலில் சேர்க்க ஒருவர் வேண்டும் என்பதற்காக. இதைச் சிலர் குறை சொல்வதுண்டு. முதல் முறை கடல் கடக்கும் அறுபத்தைந்து வயதுக்காரரின் அச்சத்தை அறிந்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்தாயிற்று. இனி அன்றாடம். டல்லாஸ் பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடையில் இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரம் பின்னால். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், அல்லது ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். குழந்தை பாட்டியின் மடியில். தாத்தா பெரிய பேத்தியைப் பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் விட்டு வருகிறார். குளிரில் மாவு புளிக்காது. ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, அடுப்பைப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டால் அந்தச் சூட்டில் மாவு பொங்கும் என்பதை முன்பு வந்துபோன இன்னொரு பாட்டி சொல்லிக் கொடுத்திருப்பார். தாளிக்கும் புகைக்குக் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

பகல் பதினொன்றுக்கு மேல் என்ன செய்வது? இந்தக் கேள்விதான் ஆறு மாதத்தையும் ஆள்கிறது. நெய்வேலி பிளாக்கில் வாசலில் நின்றால் நான்கு பேர் பேசுவார்கள். காய்கறிக்காரர் வருவார், பூக்காரம்மா வருவார். அமெரிக்க ஊரில் தெரு சுத்தமாக இருக்கும், ஆள் இருக்காது. பொதுப் பேருந்து கிடையாது. கார் ஓட்டத் தெரியாதவர் பால் வாங்கக்கூடப் பிள்ளையை எதிர்பார்க்க வேண்டும். நாற்பதாண்டு யாரையும் எதிர்பார்க்காமல் சம்பாதித்த மனிதருக்கு இது எளிதன்று. மாலை நடைதான் மீட்பு. குடியிருப்பு நடுவே உள்ள குளத்தைச் சுற்றி நடக்கும்போது எதிரே புடவை தெரிகிறது. தெலுங்கோ குஜராத்தியோ தமிழோ, கைகூப்பினால் போதும். அடுத்த வாரம் அவர்கள் ஒரு பெஞ்சில் ஆறு பேர். நடுநடுவே இந்தி, கொஞ்சம் ஆங்கிலம், மீதி கைச்சாடை. பிள்ளைகள் பல ஆண்டாய்ப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருக்கும் தெருவில் பெற்றோர் ஒரு மாதத்தில் ஊர் அமைத்துவிடுகிறார்கள்.

வார இறுதி கோயிலுக்கு. 1970-களின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலும் நியூயார்க் பிளஷிங் பிள்ளையார் கோயிலும் எழுந்தபின், இன்று பெரு நகரம்தோறும் கோயில் இருக்கிறது. பிளஷிங் கோயிலின் அடித்தளத்து உணவகத்தில் தோசைக்கு வரிசை நிற்கிறது. சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கிறது. கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் 1998 முதல் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறது. ஆனால் எந்தப் பாடத்திட்டமும் தர முடியாததைப் பாட்டி தருகிறார். சோறூட்டும்போது சொல்லும் கதையும், அதட்டலும், கொஞ்சலும் பாட்டியின் பேச்சுத் தமிழில் வருகின்றன. பாட்டி வந்துபோன ஆறு மாதத்தில் குழந்தை பேசும் தமிழையும் அதற்கு முந்திய ஓராண்டுத் தமிழையும் ஒப்பிட்டுப் பார்த்த பெற்றோருக்கு இது தெரியும்.

கணவன் மனைவி உறவே இந்தப் பயணத்தில் மாறுகிறது. சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் வேலை பார்த்தவர்கள் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாழ்ந்தவர்கள். கணவர் தூங்கும்போது மனைவி விழித்திருந்தார், கணவர் விழித்திருக்கும்போது மனைவி தூங்கினார். நாள் முழுதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இருந்ததே இல்லை. முதன்முதலாக அது ஓர் அயல்நாட்டு வீட்டில் நடக்கிறது, அதுவும் பிள்ளையின் வீட்டில், விருந்தாளியுமல்லாத சொந்தக்காரருமல்லாத நிலையில். சிலருக்குச் சண்டை வருகிறது. பலருக்கு ஒரு புதிய நட்பு வருகிறது. வெங்காயம் நறுக்கியறியாத கணவர் நறுக்குகிறார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை இயக்குவது அவர் பொறுப்பாகிறது. இத்தனை ஆண்டு அடுப்படியில் என்ன நடந்தது என்று அறுபதைக் கடந்து தெரிந்துகொள்கிறார்.

சம்பந்திகளின் முறைமாற்றமும் இந்த ஏற்பாட்டின் உயிர். மகன் வீட்டார் ஆறு மாதம், மருமகள் வீட்டார் ஆறு மாதம். ஒரு சோடி கிளம்பும் வாரத்தில் மறு சோடி இறங்குகிறது. குழந்தைக்கு எந்தப் பால் புட்டி, எந்தத் தாலாட்டுக்குத் தூங்கும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார்கள். சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைத்த பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. கலியாணப் பந்தலில் சீர்வரிசைக்காக மனத்தாங்கல் கொண்ட சம்பந்திகள்கூட இந்த ஒப்படைப்பில் நெருங்கிவிடுகிறார்கள்.

உடம்பு பற்றிய பயம் ஒரு நாளும் விடுவதில்லை. பார்வையாளர் காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்கனவே உள்ள நோய்களை விலக்கி வைக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத அறுபத்தைந்து வயது எங்கே இருக்கிறது? அமெரிக்க மருத்துவமனையில் ஓர் இரவு தங்கினால் வரும் பில் பிள்ளையின் சேமிப்பைக் கரைத்துவிடும். அதனால் பல்லைக்கூட இங்கேயே கட்டிக்கொண்டு போகிறார்கள். நெஞ்சு வலித்தாலும் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் பெற்றோர் உண்டு. இது ஆபத்து. வலியை மறைப்பது பாசமாகாது என்பதைப் பிள்ளைகள் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே பூட்டிய வீடு? அதற்கும் ஒரு குடித்தனம் நடக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். மின்கட்டணம், வீட்டு வரி, தென்னைக்குத் தண்ணீர், வாரம் ஒரு முறை விளக்கு. ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 2014 நவம்பரில் வந்த மின்னணுச் சான்று முறை இந்தச் சுமையைக் குறைத்தது. மழைக்காலம் வந்தால் மனம் இங்கேதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோதும், 2015 நவம்பரில் பண்ருட்டி வட்டாரத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும், அயல்நாட்டில் இருந்த பெற்றோர் இரவெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள். தாமே வைத்த மரம் விழுந்ததைப் பிறர் சொல்லிக் கேட்பது பெரிய துன்பம்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பன்னாட்டு விமானங்கள் நின்றன. ஆறு மாதத்துக்கென்று போனவர்கள் எப்போது திரும்புவது என்று தெரியாமல் அகப்பட்டார்கள். கொண்டுபோன மாத்திரை தீர்ந்தது, தங்கும் நாள் முடியப் போனது, நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. மே 7 முதல் ‘வந்தே பாரத்’ சிறப்பு விமானங்கள் ஓடிய பிறகே பலர் ஊர் பார்த்தார்கள். மறுபக்கம், இங்கே தனியாக இருந்த தாய் தந்தை நோயுற்றபோது வர முடியாமல் தவித்த பிள்ளைகளும் உண்டு. அந்த ஓராண்டு, இந்தப் போக்குவரத்து எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை எல்லாருக்கும் காட்டிவிட்டது.

அங்கேயே தங்கிவிடக் கூடாதா? பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்று 21 வயது நிறைந்திருந்தால், பெற்றோருக்குப் பச்சை அட்டை கேட்கலாம், அதற்கு ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இல்லை. பலர் கேட்டு வாங்கியும் இருக்கிறார்கள். பெற்றபின் நீண்ட காலம் வெளியே இருந்தால் அந்த உரிமையே கேள்விக்குள்ளாகும். முதியோர் அரசு மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரவும் அங்கே ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அட்டை கையில் வந்ததும், நினைத்தபோது ஊர் வந்து விரும்பியவரை இருக்கும் சுதந்திரம் குறைகிறது. ஆகவே உடம்பில் வலு உள்ளவரை பார்வையாளராகவே போய்வருவது என்று முடிவு செய்யும் தம்பதியர் ஏராளம். அது அறிவுள்ள முடிவு.

இருவரில் ஒருவர் மறையும் காலம் குறித்தும் பேசாமல் இந்தப் பொருள் முடியாது. கிளம்புமுன் வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும், எவர் ஒருவரும் இயக்கும்படி மாற்றி வைப்பது, உயிலை எழுதிப் பதிவு செய்வது, வீட்டுப் பத்திரமும் பட்டாவும் எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்வது ஆகியவை அமங்கலமாகா. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் கணவர் இறந்தால் அவர் ஓய்வூதியத்தில் பாதி மனைவிக்கு வரும். இறப்பு வெளிநாட்டில் நேர்ந்தால், அந்நாட்டு இறப்புச் சான்றிதழைக் கொண்டு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால் தூதரகத்தின் தடையின்மைச் சான்றும், உடலைப் பதப்படுத்திய சான்றும், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டும் வேண்டும். இவற்றைப் பிள்ளைகள் முன்கூட்டி அறிந்திருந்தால், அந்த நேரத்தில் தாய்க்கோ தந்தைக்கோ பக்கத்தில் உட்கார ஒருவர் மிஞ்சுவார்.